மார்கழிப் பந்தலும் ஆடிக் கூழும்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையின் சபா வளாகங்களில் உணவுப் பந்தல்கள் எழுந்துவிடுகின்றன. அரங்கினுள் பரதநாட்டியம், வெளியே வாழையிலைச் சாப்பாடு. நுழைவுச்சீட்டு இல்லாதவரும் காசு கொடுத்து உண்ணலாம். இலைக்காகவே வருகிற ரசிகர்கள் உண்டு என்பதையும் நாமறிவோம். அந்நாட்களில் மயிலாப்பூர்த் தெருக்களைக் கார்கள் அடைத்து நிற்கின்றன. அதை எவரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை, ‘சீசன்’ என்கிறோம்.

ஆடி ஞாயிறுகளில் இதே நகரத்தின் குப்பங்களிலும் சந்துகளிலும் வேறொரு பந்தல் எழுகிறது. அம்மன் கோயில் வாசலில் கேழ்வரகுக் கூழ் அண்டாக்களில் காய்ச்சப்பட்டு, சொம்போடு வருகிறவர்க்கெல்லாம் ஊற்றப்படுகிறது. பம்பையும் உடுக்கையும் ஒலிக்கத் தெருவே ஆடுகிறது. காசு கேட்பாரில்லை. ஆனால் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் ‘இரைச்சல்’, ‘நெரிசல்’.

இரண்டும் ஒரே செயல்தான் என்பது நம் துணிபு. ஒரு சமூகம் உணவாலும் ஆட்டத்தாலும் நகரத்தின் ஒரு துண்டைத் தனதாக்கிக்கொள்கிறது. வேறுபாடு, ஒன்றுக்குக் கட்டடம் வாய்த்தது, மற்றதற்கு வாய்க்கவில்லை என்பதே. அந்தக் கட்டடமும் எளிதாக வாய்த்ததன்று. 1928இல் தோன்றிய மியூசிக் அகாதெமியில் 1931இல் கல்யாணியின் புதல்வியர் ஆடியது சதிர். அது விரைவிலேயே பரதநாட்டியம் என்று பெயர் மாறியது. 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. காலங்காலமாய் ஆடிவந்த குடும்பங்கள் ஒதுங்க, மேடை வேறு கைகளுக்குச் சென்றது. ஆகவே நாம் ‘பண்பாட்டு வெளி’ என்று போற்றுவது கைமாறிய வெளியும்கூட.

இடம் உறுதிப்படாதவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை மயிலாப்பூருக்குக் கிழக்கே, கடலோர லூப் சாலையில் கண்டோம். 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடையூறு என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க, நொச்சிக்குப்பத்து மீன்கடைகளை மாநகராட்சி அகற்றியது, மீனவர்கள் போராடினார்கள். 2024இல் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. நல்லதே. ஆனால் குப்பம் அந்தச் சாலைக்கு முந்தியது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்?

2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம். கிருஷ்ணா முதலியோர் தொடங்கிய விழா பரதத்தையும் பறையாட்டத்தையும் ஒரே கடற்கரையில் நிறுத்தியது. ‘குப்பத்துக்குக் கலையைக் கொண்டுபோவதா, அங்கே கலை இல்லையா?’ என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வியே. ஆயினும் அவ்விழாவை நாம் மதிக்கிறோம். ஆனால், விருந்தினர் வந்துபோகும் மேடை வேறு. தன் தெருவில் தானே ஆடும் உரிமை வேறு.

நம்மிடமும் பிழை இருக்கிறது. நாட்டார் வழக்காற்றியல் தாளில் கூழ் வார்த்தலைப் பற்றி எழுதவைத்து மதிப்பெண் இடுகிறோம். மாலையில் வீடு திரும்பும் வழியில் அதே பந்தலைக் கண்டு முகம் சுளிக்கிறோம்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டது. அடுத்த திட்டத்தின் வரைபடத்தில் மேம்பாலங்கள் இருக்கும், வணிக வளாகங்கள் இருக்கும். வலை உலர்த்தும் மணலும் மீன் விற்கும் ஓரமும் கூழ் ஊற்றும் முச்சந்தியும் இருக்குமா? சபாக்களை மூடச் சொல்லவில்லை. மார்கழிக்கு ஒரு மாதம் விட்டுக்கொடுக்கிற நகரம், ஆடிக்குச் சில ஞாயிறுகளை விட்டுக்கொடுக்கட்டும் என்கிறோம்.