நடக்க நிலம் தந்தீர்களா?

கோழியை அடைவைத்தால் குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள் பொறுத்திருக்க வேண்டும் என்பது வன்னிக் கமக்காரர் எல்லாரும் அறிந்த கணக்கு. இன்று நம் பிள்ளைகளிற் சிலர் வேறொரு முட்டைக் கணக்குப் பேசுகின்றனர். இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஒருவகை முட்டை பொரிக்கும். ஐந்து நடந்தால் வேறொன்று. பத்து நடந்தால் இன்னும் அரியதொரு குஞ்சு. முட்டை இருப்பதும் அது அடைகாக்கப்படுவதும் கைத்தொலைபேசிக்குள். 'போக்கிமோன் கோ' என்பது அவ்விளையாட்டின் பெயர்.

"பிள்ளைகள் கெட்டார்கள், தொலைபேசியைப் பறியுங்கள்" என்று முழங்குவாருமுளர். அக்கூச்சலிற் சேர்ந்துகொள்ள நாம் ஆயத்தமாயில்லை. பிள்ளையை வைவது எளிது. பிள்ளையிடம் அவ்விளையாட்டு எதைக் கேட்கின்றது, அதைக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கின்றது என்று ஆராய்வதன்றோ அறிவுடைமை?

இவ்விளையாட்டின் பிறப்பை முதலில் நோக்குவோம். இதனை ஆக்கிய சதோஷி தஜிரி 1965இல் பிறந்த யப்பானியர். தோக்கியோவை அடுத்த மச்சிடா என்னும் ஊரிலே வயலிலும் குளக்கரையிலும் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவர். நகரம் பெருகிற்று, வயல்கள் மறைந்தன, குளங்கள் தூர்ந்தன, பூச்சிகளும் போயின. தாம் இழந்த அந்த இன்பத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுக்கவே உயிர்களைத் தேடிப் பிடித்து வளர்க்கும் இவ்விளையாட்டை அவர் சமைத்தார். 1996இல் அது யப்பானில் வெளிவந்தது. நிலத்தை இழந்த ஒருவரின் ஏக்கத்திற் பிறந்த விளையாட்டு இது என்பதை வன்னி மக்களுக்கு விரித்துரைக்கவும் வேண்டுமோ?

1999இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியிலேதான் குழந்தைப் பருவத்து உயிர்கள் தோன்றின. உலகெங்கும் பெயர்பெற்ற மஞ்சள் நிறப் பிக்காச்சுவின் குழந்தை வடிவம் பிச்சு. அதனைக் காட்டிற் பிடிக்க இயலாது. வளர்ந்த இரண்டைப் பராமரிப்பிடத்தில் விட்டு, கிடைத்த முட்டையைச் சுமந்து நடந்து பொரிக்க வைக்க வேண்டும். பொரித்த பிச்சு பிக்காச்சுவாக வளர்வது போரில் வென்றதனால் மட்டுமன்று. வளர்ப்பவன் மீது அதற்கு அன்பு மிகுதல் வேண்டும். உடன் நடந்தால் அன்பு கூடும். களத்தில் அடிபட்டு வீழ விட்டால் குறையும். குழந்தை அன்பினால் வளரும் என்ற இவ்விதியில் நாம் குறை காணவில்லை. நம் தாய்மார் அறியாத விதியா அது?

கைத்தொலைபேசிக்கு வந்தபோது அவ்விதி மாறிற்று. 2016 யூலையில் வெளிநாடுகளிலும் அவ்வாண்டு டிசெம்பரில் இலங்கை உள்ளிட்ட தென்னாசியாவிலும் 'போக்கிமோன் கோ' வெளியாயிற்று. பிச்சு, டோகெப்பி முதலிய குழந்தைகள் முட்டைகளிலிருந்து வரத் தொடங்கியதும் அதே டிசெம்பரிலேதான். இங்கே அன்புக்குப் பதில் 'இனிப்பு' என்றொரு நாணயம் நுழைந்தது. பிச்சு பிக்காச்சுவாக 25 இனிப்பு வேண்டும். அதன் இனத்தவற்றைப் பிடித்து, பிடித்தவற்றைத் திருப்பி ஒப்படைத்தால் இனிப்புக் கிடைக்கும். அன்றேல் அதைத் தோழனாக உடன் கொண்டு நடந்தால், கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கிடைக்கும். நடந்தே ஈட்டுவதாயின் 25 கிலோமீட்டர்! பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழப் பாதித் தூரம்.

நடக்கட்டும், நடப்பது நன்று என்பீர்கள். நாமும் அதையே சொல்கின்றோம். ஆனால் எங்கே நடப்பது?

2016 யூலையிலே, விளையாட்டு பரவிய சில நாட்களுக்குள், பொஸ்னியா நாட்டில் மிதிவெடி அகற்றும் அமைப்பொன்று எச்சரிக்கை விடுத்தது. இவ்வுயிர்களைத் தேடி அபாயப் பலகைகளைக் கடந்து செல்லாதீர் என்று விளையாடுவோரை வேண்டிக்கொண்டது. அங்கே போர் ஓய்ந்து அப்போது இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. வன்னியிலோ போர் ஓய்ந்தது 2009 மே மாதத்தில். விளையாட்டு இங்கு வந்தபோது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. முகமாலையின் மண்ணை எண்ணிப் பாருங்கள். உலகிலேயே மிதிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட நிலங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அங்கே நில் என்று பள்ளியிலே கற்ற பிள்ளைக்கு, பத்துக் கிலோமீட்டர் நட, அரிய குஞ்சு பொரிக்கும் என்று அறிவுரை கூறுகின்றது தொலைவிலுள்ள ஒரு நிறுவனம்!

இன்னுமொன்று. முட்டை பெரும்பாலும் கிடைப்பது வரைபடத்திற் குறிக்கப்பட்ட 'நிறுத்தங்களில்'. அந்நிறுவனத்தின் முந்திய விளையாட்டொன்றில் விளையாடியோர் முன்மொழிந்த சிலைகளும் கட்டடங்களும் ஓவியச் சுவர்களுமே நிறுத்தங்களாயின. ஆகவே அவை நகரங்களிற் குவிந்தன, சிற்றூர்களில் அருகின. அமெரிக்காவிலேயே கறுப்பின மக்கள் செறிந்து வாழும் பகுதிகளில் நிறுத்தங்கள் குறைவு என்று 2016இல் ஆய்வாளர் எடுத்துக் காட்டினர். அங்கே அந்நிலையென்றால் வன்னிச் சிற்றூரின் கதி என்ன? ஒரேயொரு அடைகாக்கும் பெட்டிதான் என்றும் அழியாது இலவசமாக நிற்பது. மற்றைய பெட்டிகள் மூன்று முட்டை பொரித்ததும் உடைந்துவிடும். புதியது வேண்டின் விளையாட்டு நாணயம் வேண்டும். நகரத்துப் பிள்ளை தெருவிலுள்ள களங்களைப் பிடித்து நாள்தோறும் சிறிது நாணயம் ஈட்டலாம். களமில்லாத ஊர்ப் பிள்ளை பெற்றோரின் பணத்தைக் கொடுத்தே வாங்க வேண்டும். எந்தக் குஞ்சு பொரிக்கும் என்பதோ அதிர்ஷ்டம். ஆக, நிலமும் நிறுத்தமும் உள்ளவனுக்கு மலிவு, இல்லாதவனுக்கு விலை. இதுதானா விளையாட்டு நீதி?

இவ்வாறு பிள்ளைகளின் காலடிகளால் வளர்ந்த வணிகம் எவ்வளவு பெறும் என்று கேட்பீர்கள். 2025 மார்ச்சில் நயன்டிக் நிறுவனம் இதனையும் தன் ஏனைய விளையாட்டுக்கள் சிலவற்றையும் சவூதி அரச முதலீட்டு நிதியத்துக்கு உரித்தான குழுமத்தின் ஸ்கோப்லிக்கு 350 கோடி டொலருக்கு விற்பதாக அறிவித்தது. உலகத்தார் நடந்த நடைக்கு விலை குறித்தாயிற்று. நம் பிள்ளை நடக்க இயலாத நிலத்துக்கு யார் கணக்கு வைத்திருக்கின்றார்?

விளையாட்டு நம் நாட்டுக்கு வந்த அடுத்த மாதம் நிகழ்ந்ததை நினைவூட்டுகின்றோம். 2017 ஜனவரி 31 அன்று முல்லைத்தீவின் பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணிகளைக் கேட்டுத் தெருவோரத்தில் அமர்ந்தனர். பிள்ளைகளும் உடனிருந்தனர். பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம் இருந்த பின்னரே, மார்ச் 1 அன்று அவர்கள் தம் நிலத்தில் அடிவைத்தனர். தம் சொந்த முற்றத்தில் நடப்பதற்கே ஒரு மாதம் தெருவிற் காத்திருந்த பிள்ளைகளிடம் நடையின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி 2028 யூன் மாதத்துக்குள் நிலம் முழுவதும் துப்புரவாக்கப்படல் வேண்டும். அப்பணியில் முழந்தாளிட்டு மண்ணை விரல் விரலாகத் துழாவுவோருள் கணவரைப் போரில் இழந்த நம் பெண்கள் பலர். ஆனால் பணமோ பெரிதும் வெளிநாட்டார் தருவது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவிகளை இடைநிறுத்தியபோது உலகெங்கும் இப்பணி தடுமாறியது. ஒரு நாட்டின் பிள்ளைகள் தம் மண்ணில் மிதிக்கலாமா என்பது வாசிங்டனில் ஒருவர் இடும் கையெழுத்தில் தங்கியிருப்பது எந்த அரசுக்கும் பெருமையாகுமா?

ஆதலின் நாம் கேட்பது இதுவே. மிதிவெடி அகற்றுவதற்கு வேண்டிய பணத்தை அரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கட்டும். 2028 என்ற தவணை பிந்துதல் ஆகாது. மக்களின் காணி மக்களிடமே வரட்டும். பிரதேச சபைகள் ஊருக்கொரு விளையாட்டு நிலமும் குளக்கட்டில் அச்சமின்றி நடக்க ஒரு பாதையும் அமைக்கட்டும். பெற்றோரும் ஒன்று செய்யலாம்: அதிர்ஷ்டப் பெட்டிக்குப் பணம் கொடாதீர், பிள்ளையுடன் ஒரு கிலோமீட்டர் நடவுங்கள்.

தஜிரி இழந்த குளமும் வயலும் நம்மிடம் இன்னும் உள்ளன. மாரி பெய்தால் வாய்க்காலில் வாற்பேத்தை தவளையாகும். நீரடிப் புழு தும்பியாய்ப் பறக்கும். இவற்றுக்கு இனிப்பும் வேண்டாம், நாணயமும் வேண்டாம். அவற்றைப் பார்க்கப் போகும் பிள்ளையின் காலடியில் மண் மட்டும் மண்ணாகவே இருத்தல் வேண்டும். அதைத் தராதவர்க்குப் பிள்ளையின் கையிலுள்ள தொலைபேசியைக் குறைகூற என்ன உரிமை உண்டு?