வெயிலும் விராலும்

கோடை நாளில் வேளச்சேரி ஏரிக்கரையோரம் நடந்து போகிறவர்கள் தவறாமல் பார்க்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. வெயில் தாழ்ந்ததும் நாலைந்து பேர் தண்ணீரைப் பார்த்தபடி குந்தியிருப்பார்கள். ஒருவர் கையில் மூங்கில் கழி; இன்னொருவர் கையில் கடையில் வாங்கிய சக்கரம் வைத்த தூண்டில்; சிறுவர்களிடம் வெறும் தங்கூஸ் நரம்பும் தக்கையுமே இருக்கும். பின்னால் பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் இரைந்துகொண்டு போகும். இவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. தக்கை அசைந்ததா என்பதுதான் அவர்களுக்கு உலகத்தில் உள்ள ஒரே கேள்வி.

இந்தப் பொழுதுபோக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செலவில்லாதது, பொறுமையைக் கற்றுக்கொடுப்பது. ஆனால் கத்திரி வெயில் போன பிறகும் மழை வராமல், தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்கும் கடைக்கோடையில் தூண்டில் போடுவது வேறு விஷயம். அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது உசிதம்.

கோடையில் திறந்த வெளியில் கிடக்கும் தண்ணீர் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகிப் போகிறது. மூன்று மாதத்தில் இது முழங்கால் அளவு ஆழத்தை விழுங்கிவிடும். கரையோரத்துக் கோரையும் சம்பும் தரையில் நின்றுவிட, ஏரி முழுவதும் பரவியிருந்த மீன்கள் எஞ்சிய பள்ளங்களில் வந்து கூடுகின்றன. பத்து ஏக்கரில் இருந்த மீன் ஒரு ஏக்கரில் அடைந்தால் தூண்டில்காரருக்குக் கொண்டாட்டம்தான். போட்ட மாத்திரத்தில் கடிக்கிறது. இதைத் தன் சாமர்த்தியம் என்று எண்ணிக்கொள்வதும் மனித சுபாவம்.

மீன் இருக்கும் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை வைத்துக்கொள்ளும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம் கூடத் தேறாது. இது சுத்தமான தண்ணீருக்குச் சொன்ன கணக்கு. சாக்கடை கலந்த தண்ணீரில் அழுக்கை அழிக்கும் கிருமிகள் இந்தப் பிராணவாயுவைத் தாமே தின்றுவிடுகின்றன. பச்சைப் பாசியோ பகலெல்லாம் வாயுவை வெளியிட்டுவிட்டு, இரவில் அதையே திருப்பி இழுத்துக்கொள்கிறது. ஆகவே விடியற்காலையில்தான் தண்ணீரில் மூச்சுக்கு மிகவும் முடை. சென்னையின் ஏரிகளில் மீன்கள் செத்து மிதக்கும் செய்தி பெரும்பாலும் காலையில் வருவதற்குக் காரணம் இதுதான். இரவில் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரார் பேசிக்கொள்வார்கள். வெயிலும் சாக்கடையும் சேர்ந்தால் வேறு விஷம் எதற்கு?

அதிகாலையில் கெண்டை மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பலர் பார்த்திருக்கலாம். புதிதாகத் தூண்டில் பிடிப்பவன், மீனுக்கு நல்ல பசி என்று எண்ணி அவசரமாக மண்புழுவைக் கோத்துப் போடுவான். அது பசியல்ல, மூச்சுத் திணறல். பிராணவாயு கொஞ்சமாவது மிஞ்சியிருப்பது காற்று படும் மேல்மட்டத்தில்தான் என்பதால் அங்கே வந்து தவிக்கிறது. அந்த நிலையில் தூண்டிலில் மாட்டி, துள்ளி, களைத்துப்போன மீனை, 'சின்னதாயிருக்கிறதே' என்று இரக்கப்பட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம்தான்.

எல்லா மீனும் இப்படித் தவிப்பதில்லை. நம் நாட்டு ஏரி மீன்களில் சில, இந்த வெயிலுக்கென்றே படைக்கப்பட்டவை. விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்குச் செவுள் போதாதென்று வெளிக்காற்றைச் சுவாசிக்கவும் தனி உறுப்பு அமைந்திருக்கிறது. விரால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மேலே வரவிடாமல் வலையை விரித்துத் தடுத்தால் மீனாகப் பிறந்தும் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும்! ஏரி வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து மழை வரும்வரை காத்துக் கிடக்கும். மார்க்கெட்டில் விராலை உயிரோடு பாத்திரத்தில் வைத்து விற்க முடிவதும் இதனால்தான். பனையேறிக் கெண்டையின் புகழ் இன்னும் பெரியது. 1791-ல் தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிவைத்தார். பனையில் உண்மையிலேயே ஏறுமா என்ற சர்ச்சை அன்று தொடங்கியது. ஈரத் தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஆக, கடைக்கோடையில் பள்ளத்தில் எஞ்சி நிற்கும் மீனைச் சாதாரண மீனாக நினைக்கக் கூடாது. வெயிலையும் சாக்கடையையும் தாண்டி வந்த அதுதான் அடுத்த மழைக்கு விதை. விதை நெல்லைக் குத்திச் சாப்பிடும் குடியானவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது தெரிந்ததே. விரால் விஷயத்தில் இன்னொரு கொடுமையும் நடக்கிறது. மழை தொடங்கித் தண்ணீர் ஏறியதும் அது குஞ்சு பொரிக்கும். சிவந்த நிறமுள்ள அந்தக் குஞ்சுகள் கூட்டமாகத் தண்ணீர் மட்டத்தில் மினுமினுத்துக்கொண்டு திரியும். பெரிய மீன் அடியில் நின்று காவல் காக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையைக் கோத்த முள்ளை எறிந்தால், குஞ்சைத் தின்ன வந்த பகை என்று எண்ணிப் பெரிய விரால் பாய்ந்து கவ்வும். இப்போது ரப்பரில் செய்த தவளையும் கடையில் கிடைக்கிறது. பசியில்லாத மீனைப் பிள்ளைப் பாசத்தைக் காட்டிப் பிடிக்கும் இந்த வித்தையில் பெருமைப்பட என்ன இருக்கிறது? காவல் போனால் அந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்குகளும் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன.

இந்தக் கவலை புதிதல்ல. சென்னை மாகாணத்தில் சிவில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873-ல் இந்தியாவில் தூண்டில் பிடிப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். 1887-ல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே தனியாக இன்னொன்று எழுதினார். அவரும், அவர் காலத்தில் சென்னையில் டாக்டராயிருந்து மீன் ஆராய்ச்சியில் இறங்கிய பிரான்சிஸ் டேயும், சன்னக் கண்ணி வலையால் குஞ்சுகளை அள்ளுவதையும் தண்ணீரில் விஷம் கலப்பதையும் எதிர்த்துச் சர்க்காருக்கு அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார்கள். வெடி வைத்தும் விஷமிட்டும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் மீன்வளச் சட்டம் 1897-ல்தான் வந்தது.

அதே டே 1860-களில் நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை விட முயன்று தோற்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அம்முயற்சி கைகூடியது. டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன்; இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, ஈயைப் போலச் செய்து, ஓடையின் மேல் எறிந்து அதைப் பிடிப்பார்கள். 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு அவஸ்தை. ஆகவே மேல்நாட்டில் நல்ல தூண்டில்காரர்கள் வெயில் நாளில் கையில் வெப்பமானியோடு ஓடைக்குப் போகிறார்கள். தண்ணீர் சூடாயிருந்தால் தூண்டிலைப் பிரிக்காமலே வீடு திரும்புகிறார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆற்று நீர் தொடர்ந்து மூன்று நாள் சுமார் 23 டிகிரியைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன் பிடிக்கத் தடை விதிக்கிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சம்பிரதாயம் என்று தள்ளிவிட வேண்டாம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா என்று ஒன்று இன்றும் நடக்கிறது. கண்மாய் நிறைந்திருக்கும்வரை யாரும் வலை வீசக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கோடையில் தண்ணீர் குறைந்து, பாசனத் தேவையும் முடிந்த பிறகு, ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதன் பிறகே ஊத்தாவும் வலையும் கூடையுமாகச் சுற்றுவட்டாரம் முழுவதும் இறங்கும். அங்கேயும் கோடையில்தானே பிடிக்கிறார்கள் என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் ஆண்டு முழுவதும் காத்திருந்து ஒரே நாளில் பிடிக்கிறார்கள். அன்றும் சேற்றுக்குள் கிடக்கும் விரால் பல தப்பிவிடுகின்றன. அடுத்த மழையில் வரத்துக் கால்வாய் வழியாகப் புது மீனும் வந்து சேருகிறது.

வேளச்சேரிக்கு இந்த இரண்டும் இல்லை. துண்டை வீசும் பெரியவரும் இல்லை. மீன் வந்து சேர நல்ல வழியும் இல்லை. ஒரு காலத்தில் 265 ஏக்கர் பரப்பாயிருந்ததாகச் சொல்லப்படும் ஏரி, வீட்டு மனைகளுக்கும் சாலைகளுக்கும் கொடுத்தது போக இன்று 55 ஏக்கர் அளவில் நிற்கிறது. அதிலும் சாக்கடை கலப்பதாகப் பல ஆண்டுகளாகப் புகார். கோடையிலும் இங்கே கொஞ்சம் தண்ணீர் நிற்பதைப் பார்த்து மகிழ்கிறவர்கள், அது எங்கிருந்து வந்த தண்ணீர் என்று விசாரித்துவிட்டு மகிழ்வது நல்லது.

இந்தப் பக்கத்து மீனுக்குப் பிறந்த வீடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஆதம்பாக்கம் ஏரியிலிருந்து புறப்படும் வீராங்கல் ஓடை வேளச்சேரி வழியாக அங்கேதான் போய்ச் சேருகிறது. சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து கடலை நோக்கிப் போகிறது. புது வெள்ளம் வந்ததும் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். ஓடையும் வாய்க்காலும் ஏரியுமாக மேலே மேலே போய் முட்டையிடும். ஏற்று மீன் பிடித்துத் தின்ற ருசி கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு மறக்காது. அந்த ஓடை இன்று கான்கிரீட் சுவருக்குள் கறுப்புத் தண்ணீராக ஓடும்போது, மீன் எந்த வழியாக ஏறும்? பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. சுமார் 1,248 ஹெக்டேர் நிலத்துக்குச் சர்வதேசக் கௌரவம். சந்தோஷம்தான். ஆனால் சதுப்பு நிலத்தைக் காப்பாற்றிவிட்டு, அதற்குப் போகும் ஓடையைச் சாக்கடையாக விட்டுவைப்பது, வீட்டைக் கட்டி வாசலை அடைத்த கதை.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. குடத்தோடு தெருவில் நின்ற நாளில் மீனைப் பற்றி யார் நினைப்பார்கள்? இருந்தாலும் குடத்துக்கும் மீனுக்கும் பஞ்சம் ஒரே காரணத்தால்தான் வந்தது. தண்ணீர் நிற்கும் இடங்கள் ஆழம் இழந்துவிட்டன.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஏரியைத் தூர் வாரும்போது அடியெல்லாம் ஒரே மட்டமாகச் சுரண்டாமல், ஒரு பக்கத்தில் ஆழமான மடு ஒன்றை விட வேண்டும். எந்தக் கோடையிலும் அடித் தண்ணீர் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும் அந்த மடுவில் வலை போகக் கூடாது. கரையைச் சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போடுகிற உற்சாகத்தில் கோரையை முழுக்க வெட்டிவிடக் கூடாது. குஞ்சு ஒளிந்துகொள்வது அதில்தான். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. மீன் பெருகட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. மீனவர்கள் கஷ்டத்தோடுதான் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். வயிற்றுப் பிழைப்புக்குக் கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு மாதம் காத்திருக்கும்போது, பொழுது போக்க ஏரிக்கு வருகிறவர்கள் நல்ல மழை விழும்வரை காத்திருக்க முடியாதா?

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே கரையில் பலகை நட்டுச் சிறுவர்களை விரட்டக் கிளம்ப வேண்டாம். ஒரு முழ நரம்பும் ஒரு முள்ளும் வைத்திருக்கும் பையன் ஏரியைக் கெடுத்தவன் அல்ல. சாக்கடையைத் திறந்துவிட்டவர்களும் மண்ணைக் கொட்டி மேடாக்கியவர்களும் தூண்டில் போட்டுப் பிடிக்க முடியாத இடத்தில் இருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. இத்தனை பெரிய வேளச்சேரியில் அந்தத் தண்ணீரை நாள் தவறாமல் உற்றுப் பார்க்கிறவர்கள் இந்தக் கரையோரத்துக் கூட்டத்தார் மட்டுமே. தண்ணீர் நிறம் மாறினால் முதலில் தெரிவது இவர்களுக்கு. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் முதலில் பார்ப்பதும் இவர்கள்தாம். அந்த நேரத்தில் மண்புழுவைக் கோக்காமல் மாநகராட்சி அலுவலகத்துக்கு ஒரு தகவல் சொல்லும் பழக்கம் வந்தால், சம்பளமில்லாமலே ஏரிக்கு ஒரு காவல் கிடைத்துவிடும்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, நாலு நாள் விடாமல் பெய்தால் ஏரி நிறம் மாறும். கோரையின் ஓரத்தில் செம்மண் தூவியதுபோல் விரால் குஞ்சுகள் நெளிகின்றனவா என்று அப்போது குனிந்து பார்க்கலாம். தூண்டில் அந்த ஒரு மாதமும் வீட்டுப் பரணிலேயே கிடக்கட்டும்.