பதவி சாராத் தலைமை: குடந்தைத் தமிழாசிரியர் மரபை முன்வைத்து

முன்னுரை

கல்லூரி முதல்வர் அறைகளில் பெயர்ப்பலகை ஒன்று இருப்பது வழக்கம். முதல்வராகப் பணியாற்றியோரின் பெயர்களும் பணிக்காலமும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வகுப்பறையில் பாடம் சொன்னவர்களுக்கு அத்தகைய பலகை இல்லை. தலைமை என்பது பதவியோடு வந்து பதவியோடு போவது என்னும் எண்ணம் இவ்வாறு நிலைபெற்றுவிடுகிறது. பதவியில்லாத ஆசிரியர் தம்மைத் தலைமைக்குரியவராகக் கருதத் தயங்குவது இதன் விளைவாகும்.

இத்தயக்கம் கல்வியியலாளர் பலராலும் சுட்டப்பட்டுள்ளது. ஆசிரியர்களின் தலைமையாற்றலை உறங்கும் பேருருவாக உருவகித்துக் கேட்ஸன்மேயர், மோலர் ஆகிய இருவரும் 1996இல் நூல் வெளியிட்டனர். அமெரிக்கப் பள்ளிச் சூழலில் எழுந்த அக்கருத்தை அப்படியே இங்குப் பொருத்திப் பார்ப்பதைவிட, காவிரிக் கரையில் அமைந்த கும்பகோணம் அரசினர் கல்லூரியின் தமிழாசிரியர் வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது. தன் கடமையின் எல்லையை ஆசிரியர் தாமே உணர்ந்து விரித்துக்கொள்வதே ஆசிரியத் தலைமை என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

நியமன அதிகாரமின்றி நிகழ்ந்த தேர்வு

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கியவர். மடத்தின் நிருவாகம் அவர் கையில் இல்லை. பாடம் சொல்லுதலே அவர் பணி. சமய வேறுபாடு கருதாமல் தம்மை நாடி வந்தோர்க்குப் பாடம் சொன்னார். கிறித்தவராகிய சவரிராயலு நாயகரும், இசுலாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவர் மாணாக்கர் வரிசையில் இடம்பெறுகின்றனர். யாருக்குக் கல்வி சென்று சேரவேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பை அவர் தம்முடையதாகக் கொண்டார்.

அவர் மாணாக்கருள் ஒருவர் பூவாளூர்த் தியாகராச செட்டியார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய அவர், 1880இல் பணியிலிருந்து விலக முற்பட்டபோது திருவாவடுதுறைக்குச் சென்று, தம் ஆசிரியரிடமே பயின்ற இளையவராகிய உ.வே.சாமிநாதையரைத் தமக்குப் பின் அவ்விடத்திற்குப் பரிந்துரைத்தார். சுப்பிரமணிய தேசிகரின் இசைவைப் பெற்றதும் கல்லூரி முதல்வர் கோபாலராவிடம் எடுத்துரைத்ததும் செட்டியாரே. பணி நியமனம் செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. தாம் விட்டுச்செல்லும் வகுப்பு தகுதியானவரிடம் சேரவேண்டும் என்னும் உணர்வே அவரை இயக்கியது. பிற்காலத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் போக்கை மாற்றிய ஒரு முடிவு, முதல்வர் பொறுப்பில் இல்லாத ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்கியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பட்டத்திற்கு முந்தைய பணி

சாமிநாதையர் கல்லூரியில் சேர்ந்த அதே ஆண்டில் கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் ஆகியவற்றை அவர் பட்டியலிட, பழைய நூல்களைப் படித்ததுண்டா என முதலியார் வினவினார். சீவக சிந்தாமணி அவ்வாறே பேச்சில் எழுந்தது. அந்நூலைத் தேடிப் படிப்பது கல்லூரிப் பணிக்கு இன்றியமையாததன்று. பாடத்திட்டம் எனக்கு இட்டது இவ்வளவே என்று கூறி அவர் ஒதுங்கியிருப்பின் குறை சொல்வார் எவரும் இலர். தமது அறியாமையை ஏற்றுக்கொண்டு அவர் அந்நூலைக் கற்கத் தொடங்கினார். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது குடந்தையில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று கேட்டறிந்தார். ஆசிரியர் மாணவராகும் இந்நிலை தலைமைக்கு இழுக்கன்று. தலைமையின் தோற்றுவாயே அதுதான்.

சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகிய பதிப்புகள் அனைத்தும் அவர் கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்த காலத்தில் வெளிவந்தவை. மகாமகோபாத்தியாயப் பட்டம் 1906இல்தான் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம் கிடைத்தது 1932இல். பட்டங்கள் பணியைத் தொடர்ந்து வந்தனவே அன்றி, பணிக்கு உரிமை வழங்கியவை அல்ல.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சாமிநாதையருக்கு ஆதீனத்தின் ஆதரவு இருந்தது. அரசுப் பணியின் நிலைத்த ஊதியம் இருந்தது. ஏடு தந்தோரும் பொருள் தந்தோரும் உடனிருந்தனர். இவற்றை மறைத்துத் தனிமனித உறுதியை மட்டும் போற்றினால், அப்போற்றுதல் இன்றைய ஆசிரியர்மேல் ஏற்றப்படும் சுமையாகிவிடும். அரசு கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்னும் பெயரில் தொகுப்பூதியத்தில் பணியாற்றுவோரிடம் பதவி எதிர்பாராத் தலைமையைப் பற்றி உரைப்பது எளிது. பணிப்பாதுகாப்பு வழங்குவது கடினம். முன்னது பின்னதற்கு ஈடாகாது. எனவே, தலைமை பதவியைச் சார்ந்ததன்று எனக் கூறுவோர், அது பாதுகாப்பைச் சார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

அளவீட்டு முறையும் மீளாய்வுக்குரியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைகள் கொண்டுவந்த கல்விசார் செயல்திறன் குறியீடு, நிருவாகப் பொறுப்புகளுக்கும் ஆய்வு வெளியீடுகளுக்கும் புள்ளிகள் வழங்கியது. அடுத்து வரும் ஆசிரியரை இனங்கண்டு உருவாக்கும் செயலையும், தெரியாததைத் தெரியாது என ஒப்பிக் கற்கத் தொடங்கும் செயலையும் அவ்வகைக் குறியீடுகள் அளக்க இயலாது. செட்டியாரின் திருவாவடுதுறைப் பயணத்திற்கு எத்தனை புள்ளி வழங்குவது?

முடிவுரை

புள்ளியிட இயலாதவற்றைப் பதிவு செய்ய இயலும். சாமிநாதையர் தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக எழுதினார். தியாகராச செட்டியாரின் வரலாற்றையும் எழுதினார். அந்நூல்கள் இல்லையேல் இவ்விருவரின் வகுப்பறைகளும் இன்று நமக்குக் கிட்டியிரா. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் தத்தம் ஆசிரியர் வரலாற்றை, அவர்தம் பாடக்குறிப்புகளோடும் மாணவர் நினைவுகளோடும் தொகுப்பது முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு உரிய களமாகும். தம் துறையில் தமக்கு முன் பதவியின்றி வழிநடத்தியோர் இருந்தனர் என்று அறியும் ஆசிரியர், தம் வகுப்பறையின் எல்லை எதுவென்று மீண்டும் ஒருமுறை எண்ணிப்பார்ப்பார். ஆசிரியத் தலைமை அவ்வெண்ணத்தில் தொடங்குகிறது.