செருப்புக்காகக் காலை வெட்டலாமா?



தலைப்பைப் பார்த்துவிட்டு இது ஏதோ செருப்புக் கடை விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் எழுத வந்தது ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பற்றி. அதிலும் குறிப்பாக, பக்கத்துக்குள் அடங்காத அகலமான அட்டவணையைப் பற்றி. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், போன செமஸ்டர் வரை!

எங்கள் குழு எடுத்துக்கொண்ட தலைப்பு மணலியின் காற்று. சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் பல பத்தாண்டுகளாக நிற்கிற ஊர் இது. காற்றை அளக்கும் தானியங்கி நிலையமும் இங்கே இருக்கிறது. அதன் அளவுகள் அரசின் இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஒரு மாதத்துக்கு உரிய 31 நாள் கணக்கை எடுத்தோம். தேதி, பிஎம் 10, பிஎம் 2.5, சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், பென்சீன், காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, ஈரப்பதம், குறிப்பு. ஆக மொத்தம் 14 கட்டங்கள்.

ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. பைண்டிங்குக்காக இடது பக்கம் 38, வலது பக்கம் 25 விட்டால் மிச்சம் 147. தலைப்புகளை ஒரே வரியில் அடித்ததால் எங்கள் அட்டவணை 300 மி.மீ. வரை ஓடியது. பாதி அட்டவணை தாளுக்கு வெளியே!

ஒரு சீனியர் அண்ணன் சொன்னார்: "டேய், காத்து எந்தப் பக்கம் அடிச்சா உனக்கு என்ன? திசை, வேகம், குறிப்பு எல்லாத்தையும் தூக்கிடு. அம்மோனியா ஒண்ணும் பெருசா இல்ல, அதையும் தூக்கு. மிச்சத்தைச் சின்னதாக்கு. எக்ஸாமினர் டேபிளை எல்லாம் படிக்க மாட்டாரு."

கட்டங்களைத் தூக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் சின்னதாக்கினோம். 300-ஐ 147-க்குள் திணித்தால் 12 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட் ஆகிவிடும். ஆனது. பிரின்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் நைனாவிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான்தான். அதனால் நான் எதை எழுதினாலும் அவர் ஒரு தடவை வாங்கிப் பார்ப்பார். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், எண்கள் நன்றாகவே தெரியும். ட்யூப் லைட்டுக்குக் கீழே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, எறும்பு ஊர்ற மாதிரி கீது?"

"இது நம்ம ஊர் காத்துக் கணக்கு நைனா."

"அப்டியா? காத்து எந்தப் பக்கம் அடிச்சிதுன்னு போட்டுக்கீறியா?"

எனக்குச் சுருக்கென்றது. சீனியர் வேண்டாம் என்ற கட்டத்தைத்தான் நைனா முதலில் தேடினார்! அந்தக் கட்டம் அட்டவணையில் இருந்தது, ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தும் இல்லாததுபோல்தான்.

அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று யோசித்துப் பாருங்கள். கிழக்கிலிருந்து கடல்காற்று வந்தால் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துக் காற்று நம் மேல் வரும். மேற்கிலிருந்து அடித்தால் மணலிப் புகை திருவொற்றியூருக்குப் போகும். திசை இல்லாத அட்டவணை, முகவரி இல்லாத கடிதம் மாதிரி. எவ்வளவு என்று சொல்லும், எங்கிருந்து என்று சொல்லாது.

அம்மோனியா கட்டம் மட்டும் என்ன? 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடினார்களே, மறந்துவிட்டோமா? 2009-ல் வெளியிட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோலில் 12 பொருள்கள் உள்ளன. அதில் அம்மோனியாவும் ஒன்று, பென்சீனும் ஒன்று. நாடு 12 கட்டம் போட்டு வைத்திருக்கும்போது, பக்கம் போதவில்லை என்று நாம் நாலு கட்டத்தைத் தூக்குவது என்ன நியாயம்?

ஒரே ஒரு எண்ணில் சுருக்கிச் சொல்வதும் உண்டு. அதே 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டிய 43 இடங்களை மிக மோசமாக மாசடைந்தவை என்றது. மணலிக்குக் கிடைத்தது 76.32. பரீட்சையில் இந்த மார்க் வாங்கினால் முதல் வகுப்பு. இதில் வாங்கினால் தலைகுனிவு! அந்த ஓர் எண் ஊரை உலுக்கியது உண்மைதான். ஆனால் அதன் பின்னால் காற்று, நீர், நிலம் என்று தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் அகலமான அட்டவணைக்குத்தான் போக வேண்டும்.

சரி, வழி என்ன? தாளைத் திருப்புவதுதான்! ஏ4 தாளைப் படுக்கவைத்தால் அகலம் 297 மி.மீ. இரு பக்கமும் 25 விட்டாலும் 247 மிச்சம். உட்கார இடமில்லாத அட்டவணைக்கு 100 மி.மீ. இலவசம்! தலைப்பை இரண்டு வரியாக மடக்கி, அளவின் அலகை இரண்டாவது வரியில் போட்டோம். ஒரு கட்டம் சராசரியாக 15 மி.மீ. ஆனது. 14 கட்டத்துக்கு 210. எழுத்தைச் சின்னதாக்காமலே தாராளமாக அடங்கிவிட்டது.

வேர்டில் செய்பவர்கள் ஒரு தப்பு செய்வார்கள். லேண்ட்ஸ்கேப் என்று தட்டியதும் முழு ரிப்போர்ட்டும் படுத்துக்கொள்ளும்! அட்டவணைக்கு முன்னால் ஒரு செக்ஷன் பிரேக், பின்னால் ஒரு செக்ஷன் பிரேக் போட்டுவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் திருப்புங்கள்.

லேடெக்கில் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தன் புத்தகத்தின் அச்சுப் படி அழகாக இல்லை என்று மனம் வெறுத்து, டொனால்ட் க்னூத் என்ற பேராசிரியர் 1977-ல் எழுதத் தொடங்கியதுதான் டெக் மென்பொருள். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியது லேடெக். இரண்டும் இலவசம். இதில் அட்டவணை பக்கத்தை மீறினால் 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்' என்று முணுமுணுத்துவிட்டு வேலையை முடித்துவிடும். நாம்தான் கவனிக்க வேண்டும். 'ரொட்டேட்டிங்' தொகுப்பில் உள்ள 'சைட்வேஸ்டேபிள்' ஒரே பக்கத்தில் அடங்கும் அட்டவணைக்குச் சரி. ஆனால் அது அடுத்த பக்கத்துக்கு உடையாது. படுத்த தாளின் உயரம் எங்களுக்கு 147 மி.மீ. ஒரு வரிக்கு 5 மி.மீ. என்றால் 28, 29 வரிதான். 31 நாளும் தலைப்பும் எப்படி அடங்கும்? அதற்கு 'பிடிஎஃப்எல்ஸ்கேப்' தொகுப்புக்குள் 'லாங்டேபிள்' வைத்தோம். அட்டவணை இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது, தலைப்பு வரி அங்கேயும் வந்தது. இன்னொரு லாபம், திரையில் பார்க்கும்போது அந்தப் பக்கம் தானாக நிமிர்ந்து நிற்கும். பழைய 'எல்ஸ்கேப்' மட்டும் போட்டால் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும்.

பைண்டிங்கையும் மறக்காதீர்கள். அட்டவணையின் தலைப்பகுதி பைண்டிங் ஓரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் எல்லாப் பக்கத்தையும் ஒரே பக்கமாகத் திருப்பிப் படிக்கலாம். அந்த ஓரத்தில் 38 மி.மீ. விடாவிட்டால் தலைப்பு வரி தையலுக்குள் போய்விடும்.

"எல்லாவற்றையும் போடு என்கிறாயா? எதையுமே வெட்டக் கூடாதா?" என்று கேட்பீர்கள். வெட்டலாம், வெட்டவும் வேண்டும். 31 வரியிலும் 'மணலி' என்று எழுதும் கட்டம் எதற்கு? அதை அட்டவணைத் தலைப்பில் ஒரு தடவை எழுதினால் போதும். திரும்பத் திரும்ப வருவதை வெட்டுங்கள். தகவலை வெட்டாதீர்கள். கருவி வேலை செய்யாத நாளில் கட்டம் காலியாக இருந்தால், குறிப்புக் கட்டம்தான் அதற்குச் சாட்சி. அதை எடுத்துவிட்டால் காலி இடத்தைப் பார்ப்பவர் அன்றைக்குக் காற்று சுத்தம் என்று நினைத்துவிடலாம் அல்லவா?

எக்ஸாமினர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்க்கச் சலித்துக்கொள்வார் என்ற பயமும் உண்டு. சலித்துக்கொள்ளட்டுமே! தாளைத் திருப்ப இரண்டு நொடி. விட்டுப்போன கட்டத்தைத் தேடிப் பிடிக்க இன்னொரு மாதம்.

இது வெறும் மார்க் சமாச்சாரமும் இல்லை. வெளிநாட்டு ஆய்வு இதழ்களின் பக்கங்கள் நம் சென்னையிலும் புதுச்சேரியிலும் கோக்கப்படுகின்றன. உலக டெக் பயனாளர் மாநாடு 2002-லும் 2011-லும் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் நடந்தது. டிப்ளமோ படித்த நமக்கு இது சோறு போடக்கூடிய கைத்தொழில்.

திருப்பிய தாளில் எடுத்த புது பிரின்ட்டை நைனாவிடம் கொடுத்தேன். புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தார். திசைக் கட்டத்தின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு நாளாக இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. "இந்த ரெண்டு நாளும் நைட்டு ஷிப்ட்டு. கண்ணு எரிஞ்சிது" என்றார். நானும் அந்த வரிகளைக் குனிந்து பார்த்தேன். எங்கள் குழுவில் யாரும் அந்த நாட்களைத் தனியாகக் கவனித்திருக்கவில்லை. அன்று இரவே திறந்து பார்த்து, முடிவுரையில் ஒரு பத்தி சேர்த்தோம்.

நண்பர்களே! அட்டவணை யாருடைய ஊரைப் பற்றியதோ அவர் படிக்கிற அளவில் இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. இடம் போதவில்லையா? தாளைத் திருப்புவோம், காலை வெட்ட வேண்டாம்!

— இறுதியாண்டு மாணவன்