உறுதி வேண்டாம், யார் இருந்தது என்று கேளுங்கள்

கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு. வெருகல் பிரதேசத்து ஈச்சிலம்பற்றிலும் அதுதான் வழமை. மகள் கலியாணம் முடித்தால் தாய் தகப்பன் பின்வளவில் ஒரு குடிலைப் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். எழுத்து ஒன்றும் இராது. அரச காணியென்றால் அனுமதிப்பத்திரம் தகப்பன் பெயரிலேயே கிடக்கும். 2006 போர்க்கால இடப்பெயர்வில் அதையும் தொலைத்த குடும்பங்கள் உண்டு. தகப்பன் கண்மூடியதும் வினை தொடங்குகிறது. விடிந்து பார்த்தால் கிணற்றை வளைத்து முள்ளுக்கம்பி. அடித்தது கூடப்பிறந்த அண்ணன். தங்கச்சி குடத்தோடு அடுத்த வளவுக்குப் போகிறாள்.

முறைப்பாட்டுக்குப் போனால் முதல் கேள்வி, "உறுதி இருக்கா?"

சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, காணித் தகராறு கைகலப்பில் முடியக்கூடும் என்றால் பொலிஸார் தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். காணி யார் கையில் இருந்தது என்பதையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப இருத்தலாம். சொந்தம் யாருக்கு என்பதை மாவட்ட நீதிமன்றம் பிறகு தீர்க்கட்டும். நீதியரசர் சர்வானந்தா 1982இலேயே உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இதைத் துலக்கமாக எழுதிவிட்டார்.

சிக்கல் இரண்டு மாதக் கெடுவில். வெளியேற்றம், நீதிமன்றில் தகவல் தாக்கலான நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். பொலிஸ் புத்தகத்தில் பதிந்த நாள் கணக்கில் வராது. "அண்ணன் தங்கச்சி சண்டைதானே, பேசி முடியுங்க" என்று மத்தியஸ்த சபைக்கு அனுப்பி, இரண்டு தவணை அண்ணன் வராவிட்டால் கெடு போய்விடும். அண்ணன்மாருக்கு இந்தக் கணக்கு தெரியும் என்றே நினைக்கிறேன். கெடு தப்பினால் 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வருடத்துக்குள் சிவில் வழக்கு. அதற்குச் சட்டத்தரணி, காசு, அலைச்சல்.

அனுமதிப்பத்திரக் காணியில் பின்னுரிமைக்கு ஆண்பிள்ளையை முன்னிறுத்திய 1935ஆம் ஆண்டின் ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது. வேலி மட்டும் இன்னும் பழைய சட்டப்படியே போடப்படுகிறது.

பொலிஸார் தாமதித்தால் தங்கச்சியே சத்தியக்கடதாசியோடு நீதிமன்றம் போகலாம். இதை அவளிடம் சொல்ல ஆளில்லை. முறைப்பாட்டுத் துண்டிலேயே இரண்டு மாதக் கெடுவைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். வாக்காளர் இடாப்பையும் மின்பட்டியலையும் பார்த்து, யார் குடியிருந்தார் என்ற கடிதத்தைக் கிராம உத்தியோகத்தர் அன்றைக்கே தரட்டும். சட்ட உதவி ஆணைக்குழு மாதம் ஒருநாளாவது வெருகல் பிரதேச செயலகத்தில் வந்து உட்காரட்டும். முதல் திகதியைச் செயலகம் இந்த மாதமே அறிவிக்க வேண்டும்.