வாட்ச்மென் (திரைப்படம்)

வாட்ச்மென் 2009ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று அமெரிக்காவில் வெளியான ஆங்கிலத் திரைப்படமாகும். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்சு வரைந்த சூப்பர் ஹீரோ வரைகதையைத் தழுவி, சாக் சினைடர் இதனை இயக்கினார். மூலக்கதையை டிசி காமிக்சு நிறுவனம் 1986-87 காலப்பகுதியில் 12 இதழ்களாக வெளியிட்டது.

படமாக்கும் உரிமையை 1986இலேயே ஃபாக்சு நிறுவனம் பெற்றிருந்தது. பின்னர் அது பல கைகள் மாறியது. டெர்ரி கில்லியம் உள்ளிட்ட இயக்குநர்கள் முயன்று கைவிட்டனர். இறுதியில் வார்னர் பிரதர்சு நிறுவனம் 2007இல் கனடாவின் வான்கூவரில் படப்பிடிப்பைத் தொடங்கியது. உரிமை முழுமையாகத் தம்மைவிட்டு நீங்கவில்லை எனக் கூறி, 2008 பெப்ரவரியில் ஃபாக்சு வழக்குத் தொடுத்தது. படம் ஏறத்தாழ முடிவடைந்திருந்த நிலையில், திசம்பரில் நீதிமன்றம் ஃபாக்சுக்கு விநியோக உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. வெளியீடே தடைப்படக்கூடும் என்ற நிலை உருவாயிற்று. 2009 சனவரியில் வருவாயில் பங்கு தருவதாக உடன்பாடு ஏற்பட்ட பின்னரே படம் குறித்த நாளில் திரைக்கு வந்தது.

இவ்வழக்கில் பேசப்படாத உரிமை ஒன்றும் உண்டு. நூல் பதிப்பில் இல்லாமற்போனால் உரிமை படைப்பாளர்களுக்குத் திரும்பும் என்பது மூல ஒப்பந்தத்தின் விதி. அக்காலத்தில் வரைகதைகள் விரைவில் பதிப்பிலிருந்து மறைவதே வழக்கம். ஆனால் தொகுப்பு நூல் தொடர்ந்து விற்பனையானதால் உரிமை திரும்பவேயில்லை. நூலின் வெற்றியே படைப்பாளர்களுக்கு எதிராக அமைந்தது எனலாம். மூர் தம் பெயரைப் படத்தில் இடவேண்டாம் என்று கூறி, தமக்குரிய தொகையைக் கிப்பன்சுக்கே விட்டுக்கொடுத்தார்.