முனியப்பன் என்ன சொல்வார், புத்தர் என்ன சொல்வார்?

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுப் பக்கம், செம்மநத்தம் என்று ஓர் ஊர். அங்கிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால் விட்டுவிடுகிறேன்.

அவருடைய மகன் அக்னிபத் திட்டத்தில் பட்டாளத்துக்குத் தேர்வாகியிருக்கிறான். 18 வயது நிறையச் சில மாதங்கள் பாக்கி. ஆகவே பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பா போட்டுவிட்டார், அம்மாவுக்குப் பேனா ஓடவில்லை. "சேலத்துக்குப் போனால் தலைவெட்டி முனியப்பனைக் கும்பிடாமல் மலையேற மாட்டோம். இப்போது அவர் முனியப்பன் இல்லை, புத்தர் என்கிறார்கள். முனியப்பன் என்றால் அரிவாளைக் கையில் கொடுத்து, 'போய் வாடா' என்று அனுப்புவார். புத்தர் என்ன சொல்வார்?" என்று கேட்கிறார்.

கேள்வியைப் பார்த்தீர்களா? பெரிய பெரிய பண்டிதர்களைத் திணறவைத்த கேள்வி இது!

சேலம் பெரியேரிக் கோவில் விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தொல்லியல் துறையினரின் அறிக்கையைப் பார்த்து, அந்தச் சிலை தாமரைப் பீடத்தில் அமர்ந்து தியானத்தில் இருக்கும் புத்தர்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. புத்தருக்குச் சாக்கிய முனி என்றும் பெயர் உண்டல்லவா? முனி முனியப்பனானதில் அவ்வளவு ஆச்சரியம் இல்லை. காவல் தெய்வமானதுதான் வேடிக்கை.

சரி, அந்த முனியிடமே இதே கேள்வியைக் கேட்ட ஒருவன் உண்டு. போர்வீரர்களின் தலைவன். யுத்த களத்தில் ஊக்கத்தோடு போரிட்டு மடிந்தவன் சுவர்க்கம் போவான் என்று எங்கள் குருமார்கள் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். "அதைக் கேட்காதே" என்று புத்தர் இருமுறை தட்டிக் கழித்தார். அவன் விடவில்லை. மூன்றாம் முறை கேட்டதும் சொல்லிவிட்டார்: எதிரிகள் வெட்டுண்டு சாகட்டும் என்ற எண்ணத்தோடு போரிட்டுச் செத்தவனுக்கு வாய்ப்பது நரகம்தான். வீரன் அழுதுவிட்டான். நரகத்தை நினைத்து அழவில்லையாம். இத்தனை காலம் குருமார்கள் தன்னை ஏமாற்றினார்களே என்று அழுதானாம்.

"அப்படியானால் தீர்ந்தது, கையெழுத்துப் போட வேண்டாம்" என்று சில வாசகிகள் சொல்வது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

மகத நாட்டு எல்லையில் ஒரு கலகம். பிம்பிசார ராஜா படையை அனுப்பினான். போரிட்டால் பாவம் என்று பயந்த சில வீரர்கள், வழியிலேயே பிக்ஷுக்களிடம் போய்த் தலையை மழித்துக் கொண்டு துவராடை கட்டிக் கொண்டார்கள். ராஜாவுக்குத் தெரிந்தால் சும்மா இருப்பானா? புத்தரிடம் வந்து முறையிட்டான். அரச சேவகத்தில் இருப்பவனுக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்று புத்தர் அன்றைக்கே விதி செய்தார். பட்டாளத்தைக் கலைத்துவிடு என்று ராஜாவிடம் அவர் சொன்னதாக எங்கேயும் இல்லை. வைசாலி நகரத்து ஸேனாதிபதி சீகன் அவருடைய சீடனானான். அவனிடமும் பதவியை விடச் சொல்லவில்லை. செய்யத் தகாத வியாபாரங்கள் ஐந்து என்று அவர் எண்ணிச் சொன்னபோது ஆயுத வியாபாரம் அதில் இருக்கிறது, சிப்பாய் உத்தியோகம் இல்லை. ஆனால், பிக்ஷுக்கள் தக்க காரணமின்றிப் போர்க்கோலம் பூண்ட படையை வேடிக்கை பார்க்கக்கூடப் போகக் கூடாது என்று மட்டும் கண்டிப்பு. மனிதர் நழுவுகிறாரோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. இல்லை, தடுக்கவுமில்லை, ஆசீர்வதிக்கவுமில்லை. அவ்வளவுதான்.

பின்னால் வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் மாண்டதற்காக மனம் நொந்து அசோகர் கல்லில் வெட்டி வைத்தார். அதே கல்வெட்டில், காட்டு மக்களைப் பார்த்து, எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் தண்டிக்கும் பலமும் உண்டு என்று எச்சரிக்கவும் செய்தார்! மலைவாசிகளான செம்மநத்தத்துக்காரர்களுக்கு இந்த வரி சுருக்கென்று தைக்கும்.

இலங்கைக் கதை இன்னும் கசப்பானது. நீதி தவறாமல் ஆண்ட நம் எல்லாள மன்னனை துட்டகைமுனு போரில் வென்றான். எல்லாளனின் சமாதிக்கு மரியாதை செய்யும்படி கட்டளையிட்டான், அது பெருந்தன்மை. மாண்டவர்களை நினைத்து அவனுக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு பிக்ஷுக்கள் வந்து தேற்றினார்களாம்: 'நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான்' என்று. ஐந்து சீலங்களையும் ஏற்றவன் ஒரு முழு ஆள், புத்தரைச் சரணடைந்தவன் அரை ஆள், மற்றவர்கள் மிருகங்களுக்குச் சமம் என்பது அவர்கள் கணக்கு! போர் நடந்து சுமார் 600 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட மகாவம்சம் சொல்லும் கதை இது. வீரர் தலைவனை அழவைத்த குருமார்களுக்கும் இவர்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொன்றவனுக்கு வராத தூக்கம் அவனிடம் மிச்சமிருந்த நல்ல குணம்; அதையும் கெடுத்துவிட்டார்கள்.

நம் காலத்தில் இதை நேராக யோசித்தவர் அம்பேத்கர். தந்தை ராணுவத்தில் சுபேதார். மகன் பிறந்ததே மோவ் ராணுவக் குடியிருப்பில். 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் பௌத்தரான அவர், கொல்ல வேண்டுமென்ற விருப்பம் வேறு, கொல்ல நேரும் அவசியம் வேறு என்று பிரித்துக் காட்டினார். தென் கொரியாவிலோ 2001-ல் ஓ தே-யாங் என்ற பௌத்த இளைஞர் கட்டாய ராணுவ சேவையை மறுத்துச் சிறைக்கே போனார். 2018-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், மனசாட்சி இடம் தராதவர்களுக்கு மாற்றுச் சேவை வேண்டும் என்றது. நம் நாட்டில் யாரையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால்தான் அம்மாவின் பேனா இவ்வளவு கனக்கிறது.

இனி என் அபிப்பிராயம். சகோதரி! பையனை உட்காரவைத்து அந்த வீரர் தலைவன் கதையைச் சொல்லுங்கள். ராணுவத்தில் குமாஸ்தா வேலையும் பண்டகசாலை வேலையும் இருக்கின்றன. ஆனால் அதில் சேருகிறவனும் துப்பாக்கி பிடிக்கக் கற்றே ஆகவேண்டும் என்பதையும் மறைக்காதீர்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் நிரந்தரமாக எடுத்துக் கொள்வது நூற்றுக்கு 25 பேர் வரைதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கும் பாவ புண்ணியக் கணக்கோடு சேர்ந்ததுதானே! எல்லாம் கேட்ட பிறகும் 'எதிரியை ஒழிக்கப் போகிறேன்' என்றால் கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள். 'ஊரைக் காக்கப் போகிறேன்' என்றால் போட்டுவிடுங்கள்.

பெற்றோர் சம்மதம் என்பது பட்டாளத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பேரன் ராகுலனையும் துறவியாக்கிவிட்டதும், தாத்தா சுத்தோதனர் மனம் பொறுக்காமல் புத்தரிடமே வந்து நின்றார். தாய் தந்தையர் சம்மதமில்லாமல் இனி எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்காதே என்று மகனிடம் கேட்டார். புத்தர் மறுபேச்சுப் பேசாமல் அதையும் விதியாக்கிவிட்டார்.